நாத்தனார் கொண்டு வந்த போர்வை

இக்கட்ட சித்த தள்ளி உக்காரு அம்முணி, மூட்டை பெருசு. இல்ல, மேல வெக்க முடியாது. மேல வெச்சா கண்டவன் பையும் இதுமேல ஏறும். மடியிலயே இருக்கட்டும். உனக்கு இடிக்குதா? இடிச்சா சொல்லு. காங்கேயத்துல பாதிக் கூட்டம் எறங்கிரும், அப்புறம் தாராளமா உக்காந்துக்கலாம்.

போர்வை தான். ஒட்டுப் போர்வை. பழைய பொடவைகளத் துண்டு போட்டு, உள்ளுக்குள்ள பனியன் துணிய அடுக்கி, கையில தெச்சது. தொட்டுப் பாரு. அட, சும்மா தொடு, ஒண்ணும் சொல்லமாட்டேன். நல்லாருக்குதல்ல? இன்னைக்குத் தான் இது என்ற கைக்கு வந்துச்சு. இத்தன வருசம் காத்திருந்து, சபையில வெச்சு செயிச்சு வாங்கியிருக்குறேன். அழுகுறனா? ஆரு அழுகுறா? சன்னல்ல தூசு அடிக்குது. அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் இழுத்து உடு.

எனக்குத் திருப்பூரு. பேரு துளசிமணி. பனியன் கம்பெனியில பவர்டேபிள் டெய்லரு. இப்ப கம்பெனிக்குப் போறதில்ல, வூட்லயே மெசின் போட்டிருக்குறேன். இந்தக் கை மெசின்லயும் ஓடும், ஊசியிலயும் ஓடும். எங்க வீதியில கேட்டுப் பாரு, கிழிஞ்சதுன்னு எதக் கொண்டாந்தாலும் துளசிமணி கையில குடுத்தா புதுசாயிரும்பாங்க. அந்தக் கை தான் எனக்கு ஆயுதமா இருந்துச்சு. சொல்றேன் கேளு. உனக்கு எறங்குற எடம் திருப்பூர் தானே? அப்ப நேரமிருக்குது.

இந்தப் போர்வை என்ற மாமியா தெச்சது. அவிய பொடவை, அவிய தங்கச்சி பொடவை, மக சின்னப் புள்ளையில கட்டுன பாவாடை, எல்லாம் இதுல இருந்துச்சு. கடைசிக் காலத்துல மாமியா படுத்த படுக்கையாயிட்டாங்க. ஆரு பாத்தா? நான் பாத்தேன். பீ மூத்திரம் அள்ளுனது நான். இந்தப் போர்வையத் துவைச்சுத் துவைச்சு வெயில்ல போட்டது நான். ஒரு நாள் சோறு ஊட்டுறப்ப சொன்னாங்க, இது உனக்குத்தான் துளசி, நீ எடுத்துக்கோன்னு. எங்கூட்டுக்காரரு பக்கத்துல தான் இருந்தாரு. காதுல உழுந்துச்சு. ஆனா அந்த மனுசன் வாயத் தொறந்து பேசுனா வானம் இடிஞ்சு உழுந்துருமே.

மாமியா போய்ச் சேந்தாங்க. காரியமெல்லாம் முடிஞ்சு ஒறம்பரை சனமெல்லாம் கெளம்புற நேரம். என்ற நாத்தனா, வசந்தாமணின்னு பேரு, வெள்ளகோயில்ல கட்டிக் குடுத்திருக்குது, அவ இந்தப் போர்வைய மடிச்சு அவ பைக்குள்ள திணிச்சுட்டு இருக்குறா. நான் பாத்துட்டேன். அது எனக்குன்னு அத்தை சொல்லியிருக்குதுன்னேன். அவ நிமுந்து பாத்தா. ஊரே உக்காந்திருக்குது அம்முணி. சம்மந்தி வூட்டு ஆளுங்க, பங்காளிங்க, அக்கம்பக்கம், அத்தன பேரும். அத்தன பேரு முன்னால கேட்டா.

"எங்கம்மா தெச்சது. எங்கம்மா பொடவை. இதுல உங்க நூல் ஒண்ணாச்சும் இருக்குதா அண்ணி?"

இருக்குதான்னு கேட்டா. எத்தன நாள் அந்தத் துணிய இந்தக் கையில அலசியிருப்பேன். நான் வந்தவளாம். அவ பொறந்தவளாம். எனக்கு வவுறு எரிஞ்சுச்சு. இன்னைக்கும் எரியுது, இந்தா, இங்க. போ, எடுத்துட்டுப் போ, ஆனா இனி இந்த வாசப்படிய மிதிக்காதேன்னு சொன்னேன். மிதிச்சா நான் மனுசியா இருக்கமாட்டேன்னு சொன்னேன். அவளும் உம்முன்னு பைய எடுத்துட்டுப் போயிட்டா. எங்கூட்டுக்காரரு தூணைப் புடிச்சுட்டு நின்னாரு. தங்கச்சிக்கும் ஒரு வார்த்தை இல்ல, எனக்கும் ஒரு வார்த்தை இல்ல.

ரெண்டு வருசம் பேச்சு வார்த்தை கெடையாது. நோம்பி பண்டிகைக்கும் வர்ல, நானும் கூப்புடல. அப்புறம் ஒரு நாள் மத்தியானம் கேட் சத்தம். பாத்தா இவ நிக்கிறா. வாசப்படிக்கு வெளிய, வெயில்ல, கையில இந்தப் போர்வைய வெச்சுட்டு. எலி கடிச்சிருச்சு அண்ணி, தையக்கடைக்காரன் தூக்கி எறின்னுட்டான், உங்க கையத் தவுத்து வேற கையில ஆகாது, அப்படின்னா.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைக்குற? எந்த வாயி என்ற நூல் இல்லைன்னு சொல்லுச்சோ அந்த வாயி இப்ப என்ற நூல் கேக்குது. அடிச்சுத் தொரத்தியிருப்பேன். அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. வா, உள்ள வான்னேன்.

கடிச்ச எடம் பச்சைத் துண்டு. மாமியா ஆடி நோம்பிக்குக் கட்டுற சுங்குடி. ஓரத்துல ரெண்டு வெரல் அகலம் தான் போயிருந்துச்சு. அடியில ஒட்டுக் குடுத்து ஓட்டுத்தையல் போட்டா தெரியவே தெரியாது. நான் என்ன பண்ணுனேன், அவ குளிக்கப் போன நேரமாப் பாத்து அந்தத் துண்டையே மொத்தமாப் பிரிச்சு எடுத்துட்டேன். என்ற பொடவையில அதே பச்சையில ஒண்ணு இருந்துச்சு. நல்ல பொடவை. எங்கூட்டுக்காரரு மொதத் தீவாளிக்கு எடுத்துக் குடுத்தது. அதுல அளவு பாத்து வெட்டி வெச்சுத் தெச்சுட்டேன். இப்பச் சொல்லுடி, என்ற நூல் இருக்குதா இல்லையான்னு மனசுக்குள்ள கேட்டுட்டே தெச்சேன். அவ வந்து தடவிப் பாத்துட்டு, நல்லாருக்குது அண்ணின்னா. ஒண்ணும் தெரியல அவளுக்கு. எனக்குச் சிரிப்பு அடக்க முடியல.

அந்தப் பழைய துண்டா? மெசின்ல எண்ணெய் தொடைக்க வெச்சுட்டேன். பருத்தி தானே, நல்லா இழுக்கும்.

அடுத்த வருசம் மறுக்கா வந்தா. ஆணியில மாட்டிக் கிழிஞ்சிருச்சாம். அதுக்கப்புறம் நாய்க்குட்டி இழுத்துருச்சாம். அப்புறம் மறுபடியும் எலியாம். வெள்ளகோயில்ல இருக்குற எலிக்கெல்லாம் வேற துணியே கெடைக்காத மாதிரி. நான் ஒண்ணும் கேட்டுக்கல. கிழியட்டும், நல்லாக் கிழியட்டும்னு இருந்தேன். ஒவ்வொரு தடவையும் அவ ஆத்தா துண்டு ஒண்ணு வெளிய போகும், என்ற துண்டு ஒண்ணு உள்ள போகும். கட்டம் போட்டது போச்சு. அரக்குக் கலர் போச்சு. அவ சின்னப் புள்ளையில கட்டுன பாவாடையும் போச்சு. என்றதுல இருந்து நான் எதத்தான் வெட்டல? பையன் பொறந்தப்ப கட்டியிருந்த பொடவை, அக்கா வாங்கிக் குடுத்தது, பழனிக்குப் பாதயாத்திரை போனப்ப கட்டுன மஞ்சப் பொடவை. கடைசியா கலியாணப் பட்டுலயே ஒரு மொழம் வெட்டுனேன். ரெண்டு தடவை கத்திரியக் கீழ வெச்சேன் தான். ஆனாலும் வெட்டுனேன். அவ தெனமும் என்ற பொடவை மேல படுத்து எந்திரிக்கோணும், அது அவளுக்கே தெரியக் கூடாது. பழின்னா அப்படி இருக்கோணும்.

அது மட்டுமா? உடனே தெச்சுக் குடுத்தா அவளுக்கு எளக்காரமாயிருமே. இன்னைக்கு ஆகாது, கம்பெனி அர்ஜண்டு இருக்குதுன்னு இழுத்தடிப்பேன். ரெண்டு நாள், மூணு நாள் காக்க வெப்பேன். கெடக்கட்டும். சும்மாவும் உக்கார உடமாட்டேன். எனக்குக் கிட்டத்துப் பார்வை மங்கலு, ஊசியில நூல் கோத்துக் குடுன்னு வேலை வாங்குவேன். மெசினுக்குப் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருக்குது, அதுல உக்காந்து வரிசையா ஊசி கோத்து வெப்பா. வேலைக்காரி மாதிரி. அவ மாமியாரப் பத்தி, அவ புருசன் பண்ற கூத்தப் பத்தி, மகளப் பத்தி, என்னென்னமோ பழமை பேசுவா. நானும் பதிலுக்கு ரெண்டு பேசுவேன். பேச்சு எங்க போயி எங்க நிக்கும்னே தெரியாது. பேசாம இருந்தா என்ற காரியம் தெரிஞ்சு போயிருமல்ல?

சோறா? சோறு போடாம இருக்க முடியுமா? அவ வந்தா கறி எடுத்துருவேன். அரிசிம்பருப்பு சாதம்னா அவளுக்கு உசுரு, அதுவும் பண்ணுவேன், நெய் ஊத்திக் குடுப்பேன். எதுக்குன்னு நெனைக்குற? எங்கூட்டுல எத்தன வளமா இருக்குறோம்னு அவளுக்கு ஒறைக்கோணும். அவ தின்னுட்டு இன்னுங் கொஞ்சம் போடுங்க அண்ணிம்பா. எங்கூட்டுக்காரரு அன்னைக்கு மட்டும் கடையச் சாத்திட்டு நேரமே வந்துருவாரு, பொட்டலத்துல அல்வா வாங்கிட்டு. அண்ணனும் தங்கச்சியும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து திம்பாங்க, ஒண்ணும் பேசிக்கமாட்டாங்க. ரெண்டும் ஒரே மாதிரி மெல்லுங்க. பாக்கப் பாக்க எனக்குப் பத்திட்டு வரும்.

போன ஆடியில வந்தப்ப கடைசித் துண்டையும் மாத்திட்டேன். அன்னைக்கு எனக்கு எத்தன சந்தோசம் தெரியுமா. மேல இருந்து கீழ வரைக்கும் அத்தனையும் என்றது. உள்ள இருக்குற பனியன் துணியும் நான் மாத்துனது தான். இனி எப்ப வேணும்னாலும் அவ மூஞ்சியில அடிக்கலாம். ஆனா தனியாச் சொன்னா எப்படி? எந்தச் சபையில கேட்டாளோ அதே மாதிரி ஒரு சபை வேணும்னு காத்திருந்தேன்.

அது தான் இன்னைக்கு. அவ பேத்திக்குத் தொட்டில் போடுற விசேசம். மக வவுத்துப் பேத்தி. எங்கூட்டுக்காரரு அந்த மகளுக்குத் தாய்மாமன், சீர் எடுத்துட்டுப் போனோம். வூடு நெறையக் கூட்டம். நடு வூட்டுல பாய விரிச்சு, அது மேல இந்தப் போர்வைய மடிச்சுப் போட்டு, கொழந்தையப் படுக்க வெச்சிருக்குறாங்க. வர்றவிங்க அத்தன பேரும் தொட்டுத் தொட்டுப் பாக்குறாங்க. என்ன அழகா இருக்குது, எங்க வாங்குனீங்கன்னு சம்மந்தியம்மா கேக்குது. இவ பெருமையா, எங்கம்மா வூட்டுப் போர்வைங்க, பொறந்த வூட்டுல இருந்து வந்ததுங்கறா. ஒருத்தர்கிட்ட இல்ல, வர்றவிங்க போறவிங்க எல்லார்கிட்டயும்.

எனக்கு இது போதும்னு ஆயிருச்சு. எந்திரிச்சேன். நல்லா எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னேன், வசந்தா, அன்னைக்கு நீ ஒண்ணு கேட்டியே, இன்னைக்கு நான் கேக்குறேன், இதுல உங்கம்மா பொடவை ஒரு துண்டு இருந்தாக் காட்டு பாக்கலாம்னு. இது என்ற தீவாளிப் பொடவை, இது என்ற பழனிப் பொடவை, இது என்ற கலியாணப் பட்டுன்னு ஒவ்வொண்ணா வெரல வெச்சுக் காட்டுனேன். உங்கம்மா பொடவைல நான் மெசினுக்கு எண்ணெய் தொடைச்சுட்டு இருக்குறேன்டின்னும் சொன்னேன்.

வூட்டுல இருந்த அத்தன பேரும் திரும்பிப் பாத்தாங்க. அவ அழுவா, கத்துவா, மயக்கம் போட்டு உழுவான்னு நெனச்சுட்டுப் போனவ நான். அவ என்னையப் பாத்தா. பாத்துட்டே சொன்னா.

"தெரியும் அண்ணி."

என்ன தெரியும்னு கேட்டேன்.

"எங்கம்மா பொடவை எனக்குத் தெரியாதா? தொட்டாத் தெரியாதா? மொதல்ல பச்சைய எடுத்தீங்க. அப்புறம் கட்டம் போட்டத எடுத்தீங்க. எடுத்தா எடுக்கட்டும்னு தான் கொண்டாந்தேன்."

எலி கடிச்சுதுன்னு சொன்னியேடின்னேன்.

"எலி எங்கிருந்து வந்துச்சு. கத்திரிக்கோலை வெச்சு நானே வெட்டுனேன். வாசப்படி மிதிக்காதேன்னுட்டீங்க. எங்கம்மாளும் போயிட்டா. சும்மா வந்தா உட்டிருப்பீங்களா? கிழிஞ்ச துணியோட வந்தா உங்களுக்கு மனசு கேக்காதுன்னு தெரியும். எனக்குப் பொறந்த வூட்டுக்கு வர்றதுக்கு வேற என்ன வழி இருந்துச்சு?"

அப்படின்னுட்டு, கொழந்தையத் தூக்கி மக கையில குடுத்தா. போர்வைய எடுத்து ஒதறி, மடிச்சு, கொண்டாந்து என்ற கையில வெச்சா. இனி இது உங்களுது அண்ணி, எனக்குக் கொண்டாரதுக்கு இனி ஒண்ணுமில்லைன்னா. சமையக்கட்டுக்குள்ள போயிட்டா. பந்தி போடுங்கன்னு உள்ள இருந்து அவ சொல்றது கேட்டுச்சு.

நான் எங்கூட்டுக்காரரப் பாத்தேன், போலாம் வாங்கன்னேன். அவரு எந்திரிக்கல. நீ போ, நான் வர்லைன்னாரு. எல்லார் முன்னாலயும். தாலி கட்டுன நாள்ல இருந்து அந்த மனுசன் என்னைய எதுத்துப் பேசுன மொத வார்த்தை அது. நான் சாப்புடக் கூட இல்ல அம்முணி. இலை போட்டிருந்தாங்க, அப்படியே வந்துட்டேன்.

கள்ளி. எத்தன கள்ளத்தனம் பாத்தியா? நான் அவள ஏமாத்துறேன்னு நெனச்சு ஒளிஞ்சு ஒளிஞ்சு பிரிச்சுத் தெச்சுட்டு இருக்குறேன், அவ எல்லாம் தெரிஞ்சுட்டே பக்கத்துல உக்காந்து ஊசி கோத்துக் குடுத்திருக்குறா. ஆத்தா பொடவை ஒவ்வொண்ணாப் போகுது, பாத்துட்டே இருந்திருக்குறா. ஒரு வார்த்தை கேட்டாளா? ஏன் அண்ணி இப்படிப் பண்றீங்கன்னு ஒரு வார்த்தை? கேட்டிருந்தா நான் நிறுத்தியிருக்கமாட்டனா? அந்த எண்ணெய்த் துணியெல்லாம் பாத்திருப்பா. மெசின் மேலயே தான் கெடக்கும். அதுக்குப் பக்கத்துல உக்காந்து தான் அவ ஊசி கோத்தா. எனக்கு நெஞ்சு அடைக்குது. கோவத்துல தான். வேற ஒண்ணுமில்ல. இப்ப பழி வாங்குனது நானா, அவளா? நீ படிச்ச புள்ள, நீ சொல்லு. என்ற கலியாணப் பட்டையே வெட்டிக் குடுத்துட்டு முட்டாளா வந்து பஸ்ல உக்காந்திருக்குறேன்.

செயிச்சேன் தான். இல்லைன்னு சொல்லல. போர்வை என்றது. ஆனா இத வெச்சுட்டு நான் என்ன பண்ணட்டும்? திருப்பூர்ல எந்தக் காலத்துல குளுரடிச்சுது? பையன் சென்னையில இருக்குறான், அவன் பொண்டாட்டி இதத் தொடுவாளா? பீரோவுல வெச்சுப் பூட்டோணும். அந்த ஸ்டூலையும் தூக்கி மொட்டைமாடியில போட்டறோணும். இனி அதுல ஆரு உக்காரப் போறா.

கொழந்தைக்கு இப்ப என்னத்த விரிச்சாங்களோ தெரியல. டர்க்கி டவலா இருக்கும். வந்த ஒறம்பரை கொண்டாந்து குடுத்த டவலு, பஞ்சு பஞ்சாக் கழண்டு வாயில போகும். பொறந்த புள்ளைய அதுல போடலாமா? அவளுக்கு எங்க தெரியப் போகுது. அவளுக்கு என்னைக்குத் துணி தெரிஞ்சிருக்குது.

கண்டக்டரே, காங்கேயம் வந்துருச்சுங்களா? இன்னும் எத்தன தூரங்க? சரிங்க.

இல்ல அம்முணி, நான் திருப்பூர் வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்குறேன் தான். இருக்கட்டும். காங்கேயத்துல எறங்கி வெள்ளகோயில் பஸ்ஸப் புடிக்கப் போறேன். மன்னிப்பா? நானா? நல்லாச் சொன்ன போ. இத அவ வூட்டு வாசல்ல விட்டெறிஞ்சுட்டு வரப் போறேன். இந்தா, உன்ற பேத்தி படுத்த போர்வை கிழிஞ்சு கெடக்குது, தெச்சுத் தரோணும்னா நீயே தூக்கிட்டு என்ற வாசப்படிக்கு வா, அப்படின்னு சொல்லிட்டுத் திரும்பிக் கூடப் பாக்காம வருவேன். அலையட்டும். வந்து வெயில்ல நிக்கட்டும். இந்த வாட்டி ஒரு வாரம் காக்க வெக்கிறேன். பேத்தியையும் தூக்கிட்டுத் தான் வரோணும், இல்லைன்னா ஊசியத் தொடமாட்டேன். அப்பத் தெரியும் துளசிமணி ஆருன்னு.

ஆமா, இப்ப கிழியல தான். அதுக்குத் தான் சொல்றேன், அந்த முனைய நல்லாப் புடி. நான் இக்கட்ட புடிக்கிறேன். பனியன் கம்பெனி நூலு, ரெட்டைத் தையலு, லேசுல பிரியாது. என்ற தையலாச்சே. சங்கடப்படாத, இழு. ஆரு பாத்தா என்ன? இன்னும் பலமா இழு அம்முணி, காலையில சாப்புட்டியா இல்லையா நீ? அந்தப் பட்டுக்குப் பக்கத்துல வேண்டாம், கீழ, ஓரத்துல. ஆங், அப்படித்தான். வந்துருச்சு, வந்துருச்சு. போதும். உட்டுரு, உட்டுரு. ரொம்பக் கிழிச்சுட்டா அப்புறம் ஆரு உக்காந்து தெக்கிறது?